விதைப் புரதமும் உடலின் காவலணுக்களும்

(மைசூரில் கல்லூரி மாணவர்களும் அரசு அலுவலர்களும் கலந்துகொண்ட கூட்டமொன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



பொருளியல் படித்து, மத்திய அரசுப் பணியில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் கோப்புகளோடு காலம் கழித்தவன் நான். அப்படிப்பட்டவன் பூண்டிலும் பயற்றிலும் உள்ள புரதத்தைப் பற்றியும், அது நம் உடலின் காவலணுக்களை எவ்வாறு இயக்குகிறது என்பதைப் பற்றியும் பேச வந்திருப்பது உங்களுக்கு வியப்பளிக்கலாம். அறிவியலறிஞர்களின் இடத்தில் நின்று பேச நான் வரவில்லை. அவர்களுடைய ஆய்வு முடிவுகள் கோப்புகளாக எங்கள் மேசைக்கு வருகின்றன. அவற்றைப் படித்துத்தான் திட்டங்களுக்குப் பணம் ஒதுக்குகிறோம். தவறாகப் படித்தால் பணமும் தவறான இடத்துக்குப் போகிறது. ஒருமுறை நானே அப்படித் தவறாகப் படித்தேன். அதை இவ்வுரையின் நடுவே சொல்லவிருக்கிறேன்.

இந்தப் பேச்சுக்கு மைசூரைவிடப் பொருத்தமான ஊர் இல்லை. 1950-ஆம் ஆண்டு இந்நகரின் செலுவாம்பா மாளிகையில் மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையம் தொடங்கப்பெற்றது. அதன் முதல் இயக்குநர் வி. சுப்பிரமணியன். நிலக்கடலை மாவையும் கொண்டைக்கடலை மாவையும் 75-க்கு 25 என்ற விகிதத்தில் கலந்து, வைட்டமின்களும் சுண்ணாம்புச் சத்தும் சேர்த்து, ஏழைக் குழந்தைகளுக்கென 'பல்பயன் உணவு' தயாரித்த நிலையம் அது. பிற்காலத்தில் இங்கேதான் பூண்டு, வெங்காயம் ஆகியவற்றின் லெக்டின்கள் உடற்காப்பு அணுக்களின் நடத்தையை எவ்வாறு மாற்றுகின்றன என்ற ஆய்வும் நடைபெற்றது.

குன்றிமணியிலிருந்து ஒரு பாடம்

லெக்டின் என்பது ஒருவகைப் புரதம். அது குறிப்பிட்ட சில சர்க்கரைகளை இனங்கண்டு பற்றிக்கொள்ளும். விதைகளிலும் கிழங்குகளிலும் பூண்டு, வெங்காயம் போன்ற குமிழ்களிலும் இது மிகுதி. தாவரம் தன்னைப் பூச்சிகளிடமிருந்தும் விலங்குகளிடமிருந்தும் காத்துக்கொள்ள இதனை வைத்திருக்கிறது என்பது அறிஞர் பலரின் கருத்து.

இதன் வரலாறு 1888-இல் தொடங்குகிறது. அன்றைய டோர்பாட் பல்கலைக்கழகத்தில் (இன்றைய எஸ்டோனியா நாட்டில் உள்ளது) ஹெர்மன் ஸ்டில்மார்க் என்ற ஆய்வு மாணவர் ஆமணக்கு விதையின் சாற்றை இரத்தத்தோடு கலந்தார். சிவப்பணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டித் திரண்டன. அந்த நஞ்சுக்கு ரிசின் என்று பெயர். நம் பொற்கொல்லர்கள் எடைக்குப் பயன்படுத்திய குன்றிமணியிலும் அதையொத்த நஞ்சு உண்டு. அதன் பெயர் அப்ரின்.

1891-இல் பால் ஏர்லிக் இவ்விரு நஞ்சுகளையும் சுண்டெலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். மிகச் சிறிய அளவில் தொடங்கிப் படிப்படியாக உயர்த்தியபோது, கொல்லும் அளவையும் எலிகள் தாங்கின. ஆனால் ரிசினைத் தாங்கப் பழகிய எலி அப்ரினைத் தாங்கவில்லை. அப்ரினைத் தாங்கிய எலி ரிசினுக்கு இறந்தது. ஒவ்வொரு பகைக்கும் உடல் தனித்தனியே காப்பு அமைத்துக்கொள்கிறது என்ற உண்மை இதிலிருந்து விளங்கியது. இந்த முடிவை நினைவில் வைத்துக்கொள்ளுமாறு வேண்டுகிறேன். என் உரையின் பிற்பகுதி இதன்மேல்தான் நிற்கிறது.

அடுத்து வந்தவர் அமெரிக்க அறிஞர் ஜேம்ஸ் சம்னர். 1919-இல் அவர் வாளவரை விதையிலிருந்து கான்கனாவலின்-ஏ என்ற புரதத்தைப் படிகமாகப் பிரித்தார். 1936-இல் அது சர்க்கரையைப் பற்றும் புரதம் என்பதைக் காட்டினார். உரிய சர்க்கரையைச் சேர்த்தால் அணுக்கள் திரள்வது நின்றுவிட்டது. புரதத்தின் கை சர்க்கரையால் முன்பே நிரம்பிவிட்டதால் அணுவைப் பற்ற அதற்கு வேறு கை இல்லை.

1940-களின் பிற்பகுதியில் வில்லியம் பாய்ட் என்பவரும் பிறரும் சில விதைச் சாறுகள் ஒரு இரத்தப் பிரிவை மட்டும் திரட்டுவதையும், மற்றதை விட்டுவிடுவதையும் கண்டனர். 1954-இல் பாய்ட் இவற்றிற்கு 'லெக்டின்' என்று பெயரிட்டார். 'தேர்ந்தெடு' என்று பொருள்படும் இலத்தீன் சொல்லிலிருந்து வந்த பெயர் இது.

இந்தத் தேர்ந்தெடுக்கும் ஆற்றலுக்கு நமக்கு நெருங்கிய சான்று கொள்ளு. கர்நாடகத்தில் 'ஹுருளி' என்பார்கள். கொள்ளுச் சாறு ஏ-1 வகைச் சிவப்பணுக்களைப் பிரித்தறிகிறது என்பதை ஜி.டபிள்யூ.ஜி. பேர்ட் 1951-இல் பெங்களூரிலிருந்து வெளிவரும் 'கரண்ட் சயன்ஸ்' இதழில் எழுதினார். இன்றும் இரத்த வங்கிகளில் ஏ-1, ஏ-2 உட்பிரிவுகளைப் பிரித்தறியக் கொள்ளு லெக்டின் பயன்படுகிறது. ஏழையின் தானியம் என்று நாம் ஒதுக்கிய கொள்ளு, உலகின் இரத்தப் பரிசோதனைக் கூடங்களில் இடம் பெற்றிருக்கிறது.

உறங்கிய அணு விழித்த கதை

இதுவரை சொன்னது சிவப்பணுக்களைப் பற்றியது. காவலணுக்களான வெள்ளணுக்களின் கதை 1960-இல் திரும்பியது, அதுவும் தற்செயலாக.

இரத்தத்திலிருந்து வெள்ளணுக்களைத் தனியே பிரிக்க ஆய்வாளர்கள் சிவப்புக் காராமணிச் சாற்றைப் பயன்படுத்தி வந்தனர். வடநாட்டில் ராஜ்மா எனப்படும் விதைதான் இது. அதன் லெக்டினுக்கு ஃபைட்டோஹீமக்ளூட்டினின் என்று பெயர், சுருக்கமாகப் பி.எச்.ஏ. அது சிவப்பணுக்களைத் திரட்டிக் கீழே படியச் செய்யும். வெள்ளணுக்கள் மேலே நிற்கும். பிலடெல்பியாவில் பீட்டர் நோவெல் என்ற மருத்துவ அறிஞர் அவ்வாறு பிரித்த வெள்ளணுக்களைச் சில நாட்கள் வளர்த்தபோது, அவை பெருத்துப் பிளவுபட்டுப் பெருகியிருப்பதைக் கண்டார். நிணநீர் அணுக்கள் முதிர்ந்தவை, இனிப் பிரிய மாட்டாதவை என்பதே அதுவரை பெரும்பாலோர் கருத்து. அவற்றை எழுப்பியது எது என்று ஆராய்ந்தார். வடிகட்டும் துணைப்பொருள் என்று கருதிச் சேர்த்த அந்த விதைச் சாறே காரணம் என்று தெரியவந்தது.

இது எப்படி நிகழ்கிறது? ஒவ்வோர் உயிரணுவின் வெளிப்புறத்திலும் புரதங்கள் நீட்டிக்கொண்டிருக்கின்றன. அவற்றின்மீது சர்க்கரைச் சங்கிலிகள் பூங்கொத்தைப்போல் அமைந்துள்ளன. நிணநீர் அணுக்களில் டி-அணு என்ற வகையின் மேற்புறத்தில் பகையை இனங்காணும் ஏற்பிகள் உண்டு; அவற்றின் மீதும் சர்க்கரை உண்டு. லெக்டினுக்கு ஒன்றுக்கு மேற்பட்ட கைகள் இருப்பதால், அருகருகே உள்ள ஏற்பிகளைச் சேர்த்துப் பிணைத்துவிடுகிறது. பகைப்பொருள் வந்துவிட்டது என்று அணு எடுத்துக்கொள்கிறது. அணுவினுள் கால்சியத்தின் அளவு உயர்கிறது. இன்டர்லூக்கின்-2 போன்ற செய்திப் பொருள்கள் சுரக்கின்றன. மரபுப் பொருள் இரட்டிக்கிறது. இரண்டு மூன்று நாட்களில் அணு பிரியத் தொடங்குகிறது.

இதன் பயன்கள் ஏராளம். சில மில்லிலிட்டர் இரத்தத்தில் பி.எச்.ஏ. சேர்த்து வளர்த்தால் குரோமோசோம்களை எண்ணிப் பார்க்கலாம். பிறவிக் குறைகளைக் கண்டறியும் சோதனைகள் இதனால் எளிதாயின. 1976-இல் அமெரிக்காவில் ராபர்ட் காலோவின் ஆய்வகத்தில், பி.எச்.ஏ.-வால் தூண்டப்பட்ட அணுக்கள் சுரந்த நீரில் டி-அணுக்களை நெடுநாள் வளர்க்கும் பொருள் இருப்பது தெரியவந்தது. அதுவே பின்னர் இன்டர்லூக்கின்-2 எனப்பட்டது. 1983-இல் பாரிசில் எய்ட்ஸ் வைரசை முதன்முதலில் பிரித்தெடுத்த ஆய்வாளர்களும் அணுக்களை வளர்க்க இவ்விரண்டையும் பயன்படுத்தினர். மறைந்திருக்கும் காசநோய்த் தொற்றைக் காணும் இரத்தப் பரிசோதனையில் இன்றும் ஒரு குழாயில் பி.எச்.ஏ. வைக்கிறார்கள். அந்தக் குழாயில் கூட அணுக்கள் விழிக்கவில்லை என்றால், அவை சோதனைக்குத் தகுதியற்றவை. 'தொற்று இல்லை' என்ற முடிவை நம்பக்கூடாது என்று பொருள்.

செலுவாம்பா மாளிகையில்

இனி மைசூருக்கு வருவோம். இங்குள்ள நிலையத்தில் ஒய்.பி. வெங்கடேஷும் அவருடைய மாணவர்களும் பச்சைப் பூண்டின் சாற்றிலிருந்து மூன்று புரதங்களைப் பிரித்து, 2010-இல் முடிவுகளை வெளியிட்டனர். மூன்றும் மனித இரத்தத்தின் நிணநீர் அணுக்களையும், சுண்டெலியின் மண்ணீரல், தைமஸ் அணுக்களையும் பெருகச் செய்தன. அவற்றுள் முக்கியமான இரண்டும் பூண்டில் முன்பே அறியப்பட்டிருந்த இரு லெக்டின்களை முற்றிலும் ஒத்திருந்தன. பூண்டின் நோய் எதிர்ப்புத் தூண்டலுக்குக் காரணம் எனப்பட்ட புரதங்கள் எவை என்பது அதுவரை தெளிவாகத் தெரியாதிருந்தது. இவ்வாய்வு அதற்கு விடை கூறியது.

ஆனால் அதே கட்டுரையில் மற்றொரு செய்தியும் உண்டு. ஒவ்வாமைத் தன்மை உடையவர்களின் வெள்ளணுக்களோடு இந்தப் பூண்டுப் புரதத்தைக் கலந்தபோது வெளிப்பட்ட ஹிஸ்டமின், மற்றவர்களின் அணுக்களிலிருந்து வெளிப்பட்டதைப்போல் இரு மடங்கு இருந்தது. ஹிஸ்டமின் என்பது தடிப்பு, அரிப்பு, மூக்கொழுகல் ஆகியவற்றை உண்டாக்கும் பொருள். அணுக்களை எழுப்பிய அதே கை, ஒவ்வாமையின் கதவையும் தட்டியது.

அதே ஆண்டு வெளிவந்த மற்றோர் ஆய்வில், பூண்டு லெக்டின்கள் இரைப்பை நீரைப் போன்ற கலவையில் எளிதில் சிதையாமல் நிற்பதையும், சுண்டெலிகளுக்கு வாய்வழி கொடுத்தபோது அவற்றின் இரத்தத்தில் அந்த லெக்டின்களுக்கு எதிரான எதிர்ப்பொருள்கள் தோன்றுவதையும் காட்டினர். இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று. தோன்றிய எதிர்ப்பொருள் பூண்டு லெக்டினுக்கு எதிரானது. காய்ச்சலுக்கோ அம்மைக்கோ எதிரானதன்று. 1891-இல் ஏர்லிக் கண்ட அதே பாடம்.

2015-இல் வெங்காயத்தின் முறை வந்தது. ஒரு கிலோ வெங்காயத்திலிருந்து கிடைத்த லெக்டின் சுமார் 3 மில்லிகிராம். இந்தச் சிறிதளவுப் பொருள் விழுங்கணுக்களில் நைட்ரிக் ஆக்சைடு சுரப்பை 6 முதல் 8 மடங்கும், அழற்சிச் செய்திப் பொருள்களை 2 முதல் 4 மடங்கும் உயர்த்தியது. தைமஸ் அணுக்களைச் சுமார் 4 மடங்கு பெருக்கியது. எதிர்ப்பொருள் சுரக்கும் பி-அணுக்களை அது பெருக்கவில்லை. அந்த லெக்டின் 45 பாகை செல்சியஸ் வெப்பம் வரையில்தான் நிலைத்து நிற்கிறது என்பதையும் அவர்களே குறித்துள்ளனர். நம் வீட்டுச் சாம்பார் கொதிக்கும் வெப்பம் எவ்வளவு என்பதை இல்லத்தரசிகளைக் கேட்க வேண்டியதில்லை.

இவை அனைத்தும் கண்ணாடித் தட்டிலும் சுண்டெலியிலும் செய்யப்பட்ட, நேர்மையான, பயனுள்ள ஆய்வுகள். ஆய்வாளர் தாம் கண்டதைத் தாம் கண்ட அளவிலேயே எழுதினர். அதைப் படித்தவர்கள்தான் எல்லை கடந்தோம்.

நான் எழுதிய குறிப்பு

2020-இல் கொரோனாத் தொற்று பரவியபின், 'நோய் எதிர்ப்புச் சக்தி' என்ற சொல் கடைத்தெருவெங்கும் ஒலித்தது. அதன் சுவடு மறையாத ஒரு சமயத்தில், குழந்தைகளுக்கான ஊட்டத் திட்டமொன்றில் பூண்டும் வெங்காயமும் கலந்த தூளைச் சேர்க்கலாம் என்ற முன்மொழிவு என்னிடம் கருத்துக்கு வந்தது. இணைப்பில் ஆய்வுக் கட்டுரைகளின் தலைப்புகள் இருந்தன. 'நான்கு மடங்கு', 'எட்டு மடங்கு' என்ற எண்கள் தடித்த எழுத்தில் இருந்தன. பொருளியல் படித்தவனுக்கு மடங்குக் கணக்கின் மேல் ஒரு மயக்கம் உண்டு. குறைந்த செலவு, உள்நாட்டுப் பொருள், உழவர்க்கு நன்மை, அறிவியல் ஆதாரம் என்று நான்கு காரணங்களை எழுதி, 'பரிந்துரைக்கலாம்' என்று கையொப்பமிட்டேன். கட்டுரைகளை நான் படிக்கவில்லை.

கோப்பு மேலே செல்லுமுன் இளம் அலுவலர் ஒருவர் தயங்கித் தயங்கி என் அறைக்கு வந்தார். அவர் உயிரியல் படித்தவர். "ஐயா, ஒரு விளக்கம் வேண்டும். இதில் நான்கு மடங்கு பெருகியது குழந்தையின் உடலிலா, கண்ணாடித் தட்டிலா?" என்று கேட்டார். எனக்கு விடை தெரியவில்லை. "தூளைச் சமையலில் கொதிக்கவைத்தபின் அந்தப் புரதம் மிஞ்சுமா?" என்றார். அதுவும் தெரியவில்லை. "அணுக்கள் பெருகுவது நல்லதென்று நாம் ஏன் எடுத்துக்கொள்கிறோம், ஐயா?" என்ற மூன்றாவது கேள்விதான் என்னை உறங்கவிடவில்லை.

அன்றிரவு கட்டுரைகளைப் படித்தேன். மறுநாள் என் குறிப்பைத் திரும்பப் பெற்றேன். இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. அந்த இளைஞர் தயக்கத்தை வெல்லாமல் இருந்திருந்தால், குழந்தைகளின் தட்டில் பயறும் முட்டையும் இருக்க வேண்டிய இடத்தைத் தூள் பிடித்திருக்கும். அதில் என் கையொப்பம் இருந்திருக்கும்.

எழுப்புதல் வேறு, காத்தல் வேறு

அந்த மூன்றாவது கேள்விக்கு நான் அறிந்துகொண்ட விடையை நிர்வாகத் துறையினருக்குப் புரியும் உவமை ஒன்றால் சொல்கிறேன்.

ஒரு மாவட்டத்தில் ஒரு கிராமத்தில் மட்டும் ஏரிக்கரை உடையும் அபாயம் இருக்கிறது என்று கொள்வோம். அந்தக் கிராம அலுவலருக்கு உடனே செய்தி அனுப்பி, ஆட்களையும் மணல் மூட்டைகளையும் அங்கே சேர்ப்பது ஒருமுறை. மாவட்டம் முழுதும் அபாயச் சங்கை ஊதி, எல்லா அலுவலர்களையும் தெருவுக்கு அழைப்பது மற்றொரு முறை. இரண்டாவதில் பரபரப்பு மிகுதி; கரை அடைபடுவதில்லை.

நம் உடலில் ஒரு குறிப்பிட்ட கிருமியை இனங்காணும் டி-அணு லட்சத்தில் ஒன்றோ, அதற்கும் குறைவோதான். உண்மையான தொற்றோ தடுப்பூசியோ அந்த ஒன்றைத் தேடி எழுப்புகிறது; அது பெருகி, நினைவு அணுக்களை விட்டுச் செல்கிறது. லெக்டினோ, எந்தக் கிருமியை இனங்காணும் அணு என்று பாராமல், சர்க்கரையைக் கண்ட அணுக்களையெல்லாம் எழுப்புகிறது. ஆய்வகத்திற்கு இது வரம்; அணுக்கள் இயங்குகின்றனவா என்று பார்க்க எல்லாவற்றையும் ஒருசேர எழுப்புவதே எளிது. உடலுக்கு இது வரமாக இருந்தே தீரவேண்டும் என்பதில்லை.

இதற்குக் கடுமையான சான்றும் உண்டு. வாளவரையின் கான்கனாவலின்-ஏ புரதத்தைச் சுண்டெலியின் இரத்த நாளத்தில் செலுத்தினால், அதன் டி-அணுக்கள் விழித்தெழுந்து அதன் கல்லீரலையே தாக்குகின்றன. 1992-இல் ஜெர்மானிய ஆய்வாளர்கள் இதனைக் காட்டினர். கல்லீரல் அழற்சியை ஆராய இம்முறை அதன்பின் பல ஆய்வகங்களில் பயன்பட்டு வருகிறது. தட்டில் 'தூண்டல்' என்று பெயர்பெற்றதே உடலில் நோய் என்று பெயர் பெற்றது.

பொருளியலிலும் இதே பாடம் உண்டு. பணப்புழக்கம் நான்கு மடங்கு ஆனால் உற்பத்தி நான்கு மடங்கு ஆனதாக எவரும் சொல்வதில்லை. விலைவாசி ஏறியதா என்றுதான் முதலில் கேட்போம்.

அடுக்களையில் கவனிக்க வேண்டியது

எந்த லெக்டின் அணுக்களை மிக நன்றாக எழுப்புகிறதோ, அதுவே அரைவேக்காட்டில் உண்டால் மிகுந்த துன்பம் தருவதும் ஆகும். சிவப்புக் காராமணியைப் பச்சையாகவோ சரியாக வேகாமலோ நான்கைந்து விதைகள் உண்டாலே சில மணி நேரத்தில் கடும் வாந்தியும் வயிற்றுப்போக்கும் வரலாம். குடலின் உட்சுவர் அணுக்களின் சர்க்கரையை அந்த லெக்டின் பற்றிக்கொள்வதே காரணம்.

இந்த ஆற்றலை அளக்கத் தனி அலகு உண்டு. பச்சை விதையில் 20,000 முதல் 70,000 அலகு வரை இருக்கும். நன்கு வெந்த விதையில் 200 முதல் 400 அலகு வரைதான். ஆனால் கொதிநிலையை எட்டாமல் 80 பாகைச் சூட்டில் நெடுநேரம் வைத்தால் நஞ்சு அழியாமல் இருப்பதோடு கூடவும் செய்யலாம். ஆகவே விதையைக் குறைந்தது ஐந்து மணி நேரம் ஊறவைத்து, அந்த நீரைக் கொட்டிவிட்டு, புதிய நீரில் முழுக் கொதியில் அரைமணி நேரம் வேகவைப்பது பாதுகாப்பு. நம் பாட்டிமார் பயற்றை ஊறவைத்து நீரை இறுத்துக் கொதிக்கவைத்ததில் இந்த அறிவு அடங்கியிருந்தது. பள்ளிச் சத்துணவுக் கூடங்களை மேற்பார்வையிடும் அலுவலர்கள் எரிபொருள் சிக்கனம் என்ற பெயரில் இதில் கைவைக்க அனுமதிக்கக் கூடாது.

இதைக் கேட்டு, பயறே கூடாது என்று எவரும் முடிவுகட்ட வேண்டாம். மேலைநாடுகளில் அப்படியும் ஒரு பிரசாரம் நடக்கிறது. முறையாக வெந்த பயறு, ஏழைக்குக் கிடைக்கும் மிகச் சிறந்த புரதங்களுள் ஒன்று. லெக்டின் எல்லாம் மருந்து என்பதும், லெக்டின் எல்லாம் நஞ்சு என்பதும் ஒரே அவசரத்தின் இரு முகங்கள்.

விதைக்கும் வினைப்பொருளுக்கும் இடையில்

அப்படியானால் லெக்டினால் நாட்டிற்கு என்ன பயன்? விலை கூறி விற்கும் தூளில் இல்லாத பயன், அறிவில் இருக்கிறது.

அண்டையிலுள்ள பெங்களூர் இந்திய அறிவியல் நிறுவனத்தில் எம். விஜயன், ஏ. சுரோலியா ஆகியோரின் குழுக்கள் நிலக்கடலை லெக்டினின் முப்பரிமாண அமைப்பை 1994-இலும், பலாக்கொட்டையின் லெக்டினான ஜாக்கலினின் அமைப்பை 1996-இலும் கண்டறிந்தன. ஜாக்கலின் எதிர்ப்பொருள்களுள் ஐ.ஜி.ஏ-1 என்ற வகையைப் பற்றிக்கொள்வதால், அதனைத் தனியே பிரிக்க உலகெங்கும் பயன்படுகிறது. அந்தப் பண்பை 1985-இல் எழுதிப் பெயரிட்டவர்கள் பிரேசில் நாட்டு ஆய்வாளர்கள். பலா நம் மண்ணின் மரம்.

சோயா அவரையின் லெக்டினுக்கு மனிதாபிமான வரலாறு ஒன்று உண்டு. எலும்பு மச்சையை ஒருவரிடமிருந்து மற்றொருவருக்கு மாற்றும்போது, கொடுப்பவரின் டி-அணுக்கள் பெறுபவரின் உடலைத் தாக்கும் அபாயம் உள்ளது. சோயா லெக்டின் முதிர்ந்த அணுக்களைப் பற்றித் திரட்டுகிறது. மூல அணுக்களை விட்டுவிடுகிறது. இப்பண்பைப் பயன்படுத்தி, இஸ்ரேல், அமெரிக்க ஆய்வாளர்கள் 1980-களின் தொடக்கத்தில், பிறவியிலேயே நோய் எதிர்ப்பு ஆற்றல் இல்லாத குழந்தைகளுக்கு முழுப் பொருத்தம் இல்லாத பெற்றோரின் மச்சையையே சுத்திகரித்துச் செலுத்த முடிந்தது. சங்கு ஊதி எல்லோரையும் எழுப்பியதால் வந்த வெற்றியன்று இது. தேர்ந்தெடுத்துப் பிரித்ததால் வந்தது.

பொருளியல் மாணவர்கள் இங்கே சிந்திக்க வேண்டும். சந்தையில் கொள்ளு படியால் அளந்து விற்கப்படுகிறது. அதே கொள்ளின் லெக்டின் தூய்மை செய்யப்பட்டுச் சிறு குப்பியில் அடைபடும்போது மில்லிலிட்டரால் அளக்கப்படுகிறது. இரண்டின் விலைக்கும் இடையிலுள்ள தொலைவு மண்ணால் வந்ததன்று. பிரித்தெடுக்கும் திறமை, தரக்கட்டுப்பாடு, பயிற்சி பெற்ற கைகள் ஆகியவற்றால் வந்தது. தன்னிறைவு என்பது விதை நம்மிடம் இருப்பதோடு முடிவதில்லை. பல்கலைக்கழக ஆய்வகங்களுக்கும் மாவட்ட மருத்துவமனைகளுக்கும் வேண்டிய இத்தகைய சோதனைப் பொருள்களை உள்நாட்டில் நம்பகமாகச் செய்வதற்கு முதலிடுவது, விளம்பரத் தூளுக்கு முதலிடுவதைவிடச் சாலச் சிறந்தது.

கேட்க வேண்டிய மூன்று கேள்விகள்

அந்த இளம் அலுவலரிடம் நான் கற்றதை உங்களுக்கும் ஒப்படைக்கிறேன். 'நோய் எதிர்ப்பை வளர்க்கும்' என்று எந்தக் கோப்பு வந்தாலும் மூன்று கேள்விகளைக் கேளுங்கள்.

முதலாவது: எங்கே பார்த்தார்கள்? தட்டிலா, எலியிலா, மனிதரிலா?

இரண்டாவது: எவ்வளவு, எந்த வழியாக? தூய புரதத்தை நேரே அணுவின்மேல் இடுவது வேறு; வேகவைத்த உணவில் கலந்து வயிற்றுக்கு அனுப்புவது வேறு.

மூன்றாவது: எதை அளந்தார்கள்? அணுக்களின் எண்ணிக்கையையா, நோய் குறைந்ததையா?

சட்டமும் நம் பக்கம் உள்ளது. உணவுப் பாதுகாப்பு, தரநிர்ணய ஆணையத்தின் 2018-ஆம் ஆண்டு விளம்பர, உரிமைகோரல் ஒழுங்குமுறைகள், உணவைப் பற்றிய கூற்றுகளுக்கு அறிவியல் சான்று வேண்டும் என்று கூறுகின்றன. அரசமைப்பின் 47-ஆம் பிரிவு மக்களின் ஊட்ட நிலையை உயர்த்துவதை அரசின் கடமையாக்குகிறது. அறிவியல் மனப்பான்மையை வளர்ப்பது 1976-ஆம் ஆண்டுத் திருத்தத்தால் குடிமகனின் கடமையாயிற்று. ஊட்டமும் அறிவியல் மனப்பான்மையும் ஒரே கோப்பில் சந்திக்கும்போது, அலுவலர் இரண்டையும் காப்பாற்ற வேண்டும்.

குழந்தைகளின் நோய் எதிர்ப்பாற்றலைக் காக்கும் வழிகள் நமக்குத் தெரியாதவை அல்ல. புரதமும் கலோரியும் போதாத குழந்தையின் தைமஸ் சுரப்பி சுருங்குகிறது, டி-அணுக்கள் குறைகின்றன. போதிய உணவு, வைட்டமின்-ஏ, இரும்பு, துத்தநாகம், தூய குடிநீர், உரிய காலத்தில் தடுப்பூசி — இவை பளபளப்பான வழிகளல்ல, பலன் மெய்ப்பிக்கப்பட்டவை. 1975 அக்டோபர் 2-ஆம் நாள் ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் நாட்டில் 33 வட்டாரங்களில் தொடங்கியபோது, கர்நாடகத்தில் தேர்ந்தெடுக்கப்பட்ட இடம் இதே மைசூர் மாவட்டத்தின் டி. நரசிபுரம். ஊட்டத்தையும் தடுப்பூசியையும் ஒரே கூரையின் கீழ் கொண்டுவர வேண்டும் என்பதே அன்று வகுத்த வழி. அங்கன்வாடிப் பணியாளர் ஒருவர் ஒரு குழந்தையைத் தடுப்பூசிக்கு அழைத்துச் செல்லும்போது, லட்சத்தில் ஒன்றான அந்த அணுவைத் தேடி எழுப்பும் வேலை நடக்கிறது. அதைவிட நுட்பமான லெக்டின் எந்தக் கடையிலும் கிடைக்காது.

மாணவ நண்பர்களே, நாளை உங்களுள் சிலர் ஆய்வகத்தில் இருப்பீர்கள். சிலர் எங்களைப்போல் மேசையின் முன் இருப்பீர்கள். ஆய்வகத்தில் இருப்பவர், கண்டதைக் கண்ட அளவில் எழுதுங்கள். மேசையில் இருப்பவர், எழுதியதை எழுதிய அளவில் படியுங்கள். அறைக்குள் தயங்கி நுழையும் இளையவரை உட்காரச் சொல்லிக் கேளுங்கள். என் மேசையில் அன்று ஒரு கோப்பு திருந்தியது அப்படித்தான்.